ஒரே இடத்தில் இருபதாயிரம் முறை

தை பிறந்துவிட்டால் நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் விடியற்காலை பஸ்கள் ஊர்ந்துதான் போகும். காரணத்தை ஓட்டுநரிடம் கேட்க வேண்டியதில்லை. சாலையோரம் நெடுக மனிதர்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் துணிப்பை, பையின் மேல் ஒட்டிய ஒளிரும் பட்டை. பெரும்பாலானவர்களின் காலில் செருப்பு இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கிளம்பி, குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் நடந்து தைப்பூசத்துக்குப் பழனி போய்ச் சேருகிறவர்கள். நகரத்தார் காவடியோடு பல தலைமுறையாக நடந்த வழி. இன்று எந்த ஊர்க்காரர் இதில் இல்லை என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் அன்னதானப் பந்தலில் படுத்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டாம். உள்ளங்காலைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். முன்பாதத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். குதிகாலோரம் பித்தவெடிப்பு பிளந்து ரத்தம் கசிந்த கோடு. சுண்டுவிரல் நகத்தடியில் கறுத்த ரத்தம். ஒருவர் கெண்டைக்காலில் தைலம் போட்டு நீவிக்கொண்டிருப்பார். இன்னொருவர் தொடை உரசிப் புண்ணானதால் வேட்டியை அகட்டிப் பிடித்தபடி தண்ணீர் வாங்கப் போவார். "நெறி கட்டிக்கிச்சு" என்று தொடையிடுக்கைத் தடவிக்கொள்ளும் ஒருவராவது இல்லாத பந்தல் கிடையாது. என்ன செய்யலாம் என்று கேட்டால் வரும் பதிலும் எல்லாப் பந்தலிலும் ஒன்றுதான்: "நடந்தா சரியாயிடும்."

அந்தப் பதிலில்தான் கோளாறே தொடங்குகிறது. சராசரி உயரமுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டருக்கு 1,300 காலடிக்குக் குறையாமல் வைக்கிறார். நாளுக்கு 30 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 40,000 காலடி. ஒரு காலுக்கு 20,000. ஒவ்வொரு முறையும் உடல் எடையைவிடச் சற்று அதிகமான சுமை அந்த ஒரு பாதத்தில் இறங்குகிறது. கல்லில் இடறுவதும் பள்ளத்தில் கணுக்கால் மடங்குவதும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் நெடுநடையில் காலை முடக்குகிற காயங்களில் பெரும்பகுதிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு சம்பவமே இருப்பதில்லை. ஒரு தடவை பட்டால் ஒன்றும் செய்யாத அழுத்தம், அதே இடத்தில் இருபதாயிரம் தடவை படுகிறது. அவ்வளவுதான்.

கொப்புளத்தையே எடுத்துக்கொள்வோம். தோல் மேலே தேய்ந்து கொப்புளம் வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். மேலே தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளத்தின் வேலை உள்ளே நடக்கிறது. காலடி பதியும்போது வெளித்தோல் தரையோடோ செருப்போடோ ஒட்டி நின்றுவிடுகிறது. உள்ளேயிருக்கும் எலும்பு உடலின் வேகத்தோடு முன்னே நகர்கிறது. பாயின் மேல் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து பார்த்தால் பாய் ஓரிடத்திலும் ஜமுக்காளம் ஓரிடத்திலுமாக விலகும். பாதத்தின் தோலடுக்குகள் அப்படித்தான் எதிரெதிராக இழுபடுகின்றன. ஆயிரக்கணக்கான முறை இழுபட்டபின் மேல்தோலின் நடு அடுக்கில் செல்கள் கிழிந்து பிளவு விழுகிறது; பிளவில் நீர் சேருகிறது. 1960-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் மேரியன் சுல்ஸ்பெர்கரின் குழு, தன்னார்வலர்களின் தோலில் உராய்வுக் கருவியை ஓட்டி இதைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. தோல் தடித்தும் கீழே இறுகப் பற்றியும் இருக்கிற உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் கொப்புளம் எளிதில் எழும்பும். மெல்லிய தோல் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை, உரிந்துவிடுகிறது.

செருப்பு போடாததால்தான் கொப்புளம் என்று சொல்கிறவர்கள் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தைப் பார்க்கலாம். 1909-இல் தொடங்கிய நான்கு நாள் நடை அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. வயதுக்கு ஏற்ப நாளுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர். நாற்பதாயிரம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள், எல்லோர் காலிலும் நல்ல ஷூ. வழியெங்கும் செஞ்சிலுவைச் சங்கத்தினர் ஓயாமல் செய்கிற வேலை கொப்புளத்துக்குக் கட்டுப்போடுவதுதான்.

ஈரத்தை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நன்றாக உலர்ந்த தோல் வழுக்கும், சொட்டச் சொட்ட நனைந்த தோலும் ஓரளவு வழுக்கும். இரண்டுக்கும் நடுவே வியர்வையில் கசகசத்துக் கிடக்கும் தோல்தான் அதிகம் ஒட்டும். அதிகம் ஒட்டினால் அதிகம் இழுபடும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால் நாள் முழுக்கக் கால் இந்த நடுநிலையிலேயே கிடக்கிறது. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குப் பருத்தி சாக்ஸைவிட அக்ரிலிக் இழை சாக்ஸில் கொப்புளங்கள் குறைவாகவும் சிறிதாகவும் வந்தன. பஞ்சு வைத்துத் தடிமனாக நெய்தவற்றில் தெரிந்த இந்த வித்தியாசம் மெல்லிய சாக்ஸில் தெரியவில்லை என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். ஆகவே இழையின் பெயரை மட்டும் பார்த்துக் கடையில் வாங்கிவிட முடியாது.

வியர்வையையே நிறுத்திவிட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களின் பாதத்தில் வியர்வையடக்கும் மருந்தைப் பூசி 21 கிலோமீட்டர் நடக்கவிட்டார்கள். மருந்தில்லாத திரவம் பூசியவர்களில் 48 விழுக்காட்டினருக்குக் கொப்புளம். மருந்தை ஒழுங்காகப் பூசியவர்களில் 21 விழுக்காடு. நல்ல பலன்தான். ஆனால் பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சல் வந்துவிட்டது. கொப்புளத்துக்குப் பயந்து அரிப்பை வாங்கிக்கொண்ட கதை.

நம் ஊர் வழக்கம் எண்ணெய். கிளம்பும்போது விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்வார்கள். முதல் ஒரு மணி நேரம் அது உண்மையிலேயே உதவும். பிறகு நிலைமை மாறுகிறது. தோலில் பூசும் வழுக்குப் பொருள்களை ஆராய்ந்தவர்கள், சில மணி நேரம் கழித்து உராய்வு பழைய அளவுக்கு வந்து, அதையும் தாண்டி ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள். எண்ணெயோ வாஸ்லினோ, பந்தலுக்குப் பந்தல் துடைத்துவிட்டு மறுபடி பூசினால்தான் பலன். தொடையிடுக்குக்கும் இதேதான், அங்கே பூசிக்கொள்ளக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு மாலையில் அவதிப்படுகிறவர்கள் அதிகம்.

இருப்பதில் மலிவான வழிதான் ஆய்வில் நன்றாகத் தேறியது. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர் கிராண்ட் லிப்மனும் அவருடைய குழுவினரும் 250 கிலோமீட்டர் தூரத்தைப் பல நாள் ஓடிக் கடக்கும் பாலைவனப் போட்டிகளில் 128 ஓட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடையில் 'மைக்ரோபோர்' என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்தக் காகிதப் பிளாஸ்திரியை, கொப்புளம் வரக்கூடிய இடங்களில் முன்கூட்டியே ஒற்றையாக ஒட்டினார்கள். 2016-இல் முடிவு வெளியானது. 128 பேரில் 98 பேருக்கு ஒட்டிய இடத்தில் கொப்புளமே இல்லை. ஒட்டாத இடங்களில் 81 பேருக்கு வந்தது. ஷூ போட்டு நடக்கிறவர்களுக்குத்தான் இது பயன்படும். வெறுங்காலில் ஒட்டினால் தார்ச்சாலை அதைச் சீக்கிரமே பிய்த்துவிடும்.

கொப்புளம் வருமுன் கால் ஒரு தகவல் அனுப்புகிறது. ஓர் இடம் மட்டும் சுருசுருவென்று சூடாக இருக்கும், பார்த்தால் சிவந்திருக்கும். அந்த நேரத்தில் நின்று, மணலைத் தட்டி, காலைத் துடைத்து உலர்த்தி, பிளாஸ்திரி ஒட்டி, பத்து நிமிடம் உட்கார்ந்தால் பெரும்பாலும் அதோடு போய்விடும். ஆனால் கூட்டத்தோடு நடக்கும்போது யாரும் நிற்பதில்லை. குழு முன்னே போய்விடும், பாட்டு நின்றுவிடும், கால் வலிக்கிறது என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கும். அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நாலு கிலோமீட்டரில், அதாவது ஒரு காலுக்கு இன்னும் 2,600 காலடியில், சிவப்பு கொப்புளமாகிவிடுகிறது.

இந்தத் தகவல் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொண்டவர் தமிழ்நாட்டில் வேலை பார்த்த ஒரு டாக்டர். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மிஷனரிகள். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று அப்போது நம்பினார்கள். நோய் உணர்ச்சி நரம்பைத்தான் அழிக்கிறது, வலி தெரியாததால் பட்ட காயமே மற்றதைச் செய்கிறது என்று பிராண்ட் காட்டினார். ஆணி குத்தியதும் நெருப்புச் சுட்டதும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். ஆனால் ஆணியும் குத்தாமல் நெருப்பும் படாமல், வெறுமனே நடந்ததிலேயே உள்ளங்காலில் ஆழமான புண் வந்தவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுடைய நடையில் அவர் கண்டது இது: உணர்ச்சியுள்ள பாதம் களைக்கத் தொடங்கியதும் தனக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்கிறது. கொஞ்சம் வெளியோரமாக ஊன்றும், கொஞ்சம் குட்டையாக எட்டுவைக்கும், சுமையை இடம் மாற்றிப் போடும். உணர்ச்சியற்ற பாதம் முதல் காலடியையும் கடைசிக் காலடியையும் ஒரே மாதிரி ஒரே இடத்தில் வைக்கும்.

பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பிராண்ட் இதை எலிகளின் பாதத்தில் சோதித்தார். ஒரு முறை பட்டால் எந்தத் தீங்கும் செய்யாத மிதமான அழுத்தத்தை ஓர் இயந்திரம் ஆயிரக்கணக்கான முறை, நாள் தவறாமல் கொடுத்தது. சில நாளில் சிவப்பு, பிறகு வீக்கம், பிறகு புண். எண்ணிக்கையைக் குறைத்து இடையிடையே ஓய்வு விட்டபோது அதே பாதம் தடித்துத் தன்னைத் தயார்செய்துகொண்டது. பாத யாத்திரைக்கான மருத்துவம் முழுவதும் இந்த இரண்டு முடிவுகளுக்குள் அடங்கிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம். மூன்றாம் நாள் பந்தலில் டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ விழுங்கிவிட்டு "இப்ப வலி இல்லை" என்று எழுந்து நடக்கிறவர், வலி தெரியாத காலைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார். தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வெயிலில் வியர்த்து நடக்கும்போது இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

வந்துவிட்ட கொப்புளத்தை உடைப்பதா விடுவதா என்பது பந்தலுக்குப் பந்தல் நடக்கும் பட்டிமன்றம். சிறிதாக, வலியில்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். பெரிதாக, ஊன்றினால் வலிப்பதாக இருந்தால் நீரை வெளியேற்றலாம், ஆனால் மேல்தோலைக் கிள்ளி எறியக் கூடாது. அந்தத் தோலைவிட நல்ல கட்டு கிடையாது. 1968-இல் நடந்த ஒரு சோதனையில், முதல் ஒரு நாளைக்குள் மூன்று தடவை நீரை எடுத்த கொப்புளங்களில்தான் மேல்தோல் நன்றாகப் படிந்து ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் குத்தி, மெல்ல அழுத்தி, மேலே கட்டுப்போட வேண்டும். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள்ளே விட்டுவைக்கும் கைவைத்தியம் ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை வழி வரைக்கும் பரவியிருக்கிறது. நீர் வடியும் அதே நூல் வழியாகச் சாலைப் புழுதியும் உள்ளே போகும் என்பதால் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நெறி கட்டுவது அந்தப் புழுதி உள்ளே போய்விட்டதன் அடையாளம். காய்ச்சலும் சேர்ந்து, சிவப்புக் கோடு காலில் மேலேறினால் அன்றைக்கு நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

தோலுக்குள் நடப்பது எலும்பிலும் நடக்கும். 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட், அணிவகுத்து நடந்த படைவீரர்களின் பாதம் காரணமில்லாமல் வீங்கி வலிப்பதைப் பதிவுசெய்தார். அடி எதுவும் படவில்லை, காரணம் பிடிபடவில்லை. 1895-இல் எக்ஸ்ரே வந்தது; அடுத்த இரண்டே ஆண்டில் புதிர் அவிழ்ந்தது. விரல்களுக்குப் பின்னாலிருக்கும் நீண்ட எலும்பில் மயிரிழை விரிசல். நடந்து நடந்தே எலும்பு விரிசல் விடும். இந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. பொதுவான கால்வலியைக் காட்டச் சொன்னால் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள்; இதை ஒரே விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். முதல் நாள் பத்தாவது கிலோமீட்டரில் வந்த வலி மறுநாள் ஐந்தாவதில் வரும், அதற்கடுத்த நாள் எழுந்ததுமே வரும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவதும் சகஜம். படம் சுத்தமாக இருக்கிறதே என்று மறுபடி நடந்து முழுசாக முறித்துக்கொண்டவர்களும் உண்டு.

இதில் அதிகம் கற்றது இஸ்ரேல் ராணுவம். 1985-இல் சார்ல்ஸ் மில்கிரோம் குழு வெளியிட்ட ஆய்வில், 295 புதுப் படைவீரர்களில் 31 விழுக்காட்டினருக்கு இத்தகைய விரிசல் இருந்தது. ஷூவை மாற்றினார்கள், உள்தகடு வைத்தார்கள், இருபத்தைந்து ஆண்டுகள் என்னென்னவோ செய்தார்கள். கடைசியில் எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைத்த இரண்டு விஷயங்களில் ஒன்று, மொத்த நடைத் தூரத்தைக் குறைத்தது. மற்றொன்று, இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டும் சேர்ந்து விரிசலை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தன. வெயிலுக்குப் பயந்து இரவெல்லாம் நடந்துவிட்டு, பகலில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து மறுபடி கிளம்புகிற நம் யாத்திரைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி வேறு இருக்க முடியாது.

எலும்புக்கு அவசரம் தெரியாது. இரண்டு மூன்று வாரம் நடந்ததுமே மூச்சு வாங்குவது நின்றுவிடும், கெண்டைக்கால் இறுகிவிடும். எலும்போ புதுச் சுமைக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும். வீட்டைப் பிரித்துக் கட்டுகிற அந்த இடைவெளியில் முன்பிருந்ததைவிட நோஞ்சானாக இருக்கும். அதனால்தான் பொங்கலுக்கு முந்தின வாரம் பத்துப் பத்து கிலோமீட்டராக நடந்து பழகிக்கொண்டு கிளம்புகிறவருக்கு ஒன்றுமே பழகாதவரைவிடப் பெரிய பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கி, மெல்லக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழி. வாரத்துக்குப் பத்து விழுக்காடு மட்டும் கூட்ட வேண்டும் என்று ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. 2008-இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஐந்நூறுக்கு மேற்பட்ட புது ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்தபோது, பத்து விழுக்காட்டுக்காரர்களுக்கும் அதைவிட வேகமாகக் கூட்டியவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் காயம். படிப்படியாகப் போக வேண்டும் என்பது சரி. பத்து என்ற எண்ணுக்கு மகிமை ஏதும் இல்லை.

பழைய விரதமுறையில் இந்தப் பயிற்சி உள்ளேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 48 நாள் மாலை போட்டுக்கொண்டவர் அத்தனை நாளும் செருப்பில்லாமல் கடைத்தெருவுக்கும் வயலுக்கும் கோயிலுக்கும் நடந்தார். உள்ளங்கால் தடித்தது, பாதத்தின் சின்னத் தசைகள் வேலை கற்றன. இன்று கிளம்புகிற வாரத்தில் மாலை போட்டுக்கொண்டு, அதுவரை ஏ.சி. அறையில் ஷூவுக்குள் இருந்த காலை நேராக நெடுஞ்சாலையில் இறக்குகிறார்கள். வேண்டுதல் அதேதான், கால் வேறு.

வெறுங்கால் நல்லதா கெட்டதா என்கிற சண்டையில் இரு பக்கமும் பேச ஆதாரம் உண்டு. கர்நாடகத்தில் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ராவும் ஜோசஃபும் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். ஷூ அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 தான். கென்யாவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, நடந்து தடித்த உள்ளங்கால் தரையின் உணர்வை இழப்பதில்லை என்று காட்டியது. ஷூவின் குதித்தடிப்பு உணர்வை மங்கவைக்கும். சொந்தத் தோலின் தடிப்பு அப்படிச் செய்வதில்லை. ஆனால் இவையெல்லாம் வெறுங்காலிலேயே வாழ்ந்தவர்களின் கதை.

ஷூ வாங்கியே தீர்வது என்றால், கடைக்காரர் பாதத்தின் வளைவைப் பார்த்துச் சிபாரிசு செய்வதில் பெரிய சாரமில்லை. அமெரிக்க ராணுவத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பாத வளைவுக்குத் தக்க ஷூ கொடுத்துப் பார்த்தார்கள், காயம் குறையவில்லை. உதவுகிற காரியங்கள் சாதாரணமானவை. சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குவது. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடுவது. போட்டுப் பழகாத ஷூவை யாத்திரைக்கென்று புதிதாக எடுத்துக்கொண்டு போகாமலிருப்பது. நகத்தை நேராக, குட்டையாக வெட்டிக்கொண்டால் கறுத்த நகங்களில் பாதி வராது.

குதிகால் வலி, கெண்டைக்கால் பிடிப்பு, முன்னங்கால் எலும்போர வலி ஆகியவற்றுக்குக் கிளம்பும்முன் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். செய்தால் தவறில்லை. ஆனால் 2011-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடுகள், நீட்டல் பயிற்சி ஓட்டக்காரர்களின் கால் காயத்தைத் தடுப்பதற்கோ மறுநாள் தசைவலியைச் சொல்லத்தக்க அளவில் குறைப்பதற்கோ ஆதாரம் காணவில்லை. அதைவிடச் சாலையின் சாய்வைக் கவனிப்பது மேல். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். எதிரே வண்டி வருவது தெரிய வேண்டும் என்று வலப்பக்க ஓரமாகவே நாள் முழுக்க நடந்தால், வலது கால் எப்போதும் இடது காலைவிடத் தாழ்வாகவே ஊன்றும். இடுப்பு சாயும், முழங்காலின் வெளிப்பக்கம் இழுபடும். திண்டுக்கல்–பழனி சாலையோரம் யாத்திரைக்காரர்களுக்கென்றே போட்ட நடைபாதை விபத்திலிருந்து காப்பது ஒரு பக்கம். சமதளமாக இருப்பதால் முழங்காலுக்கும் நல்லது.

சூட்டுக்கு வருவோம். தைப்பூசத்துக்கு மதிய வெயில் சுடும், ஆனால் கொல்லாது. பங்குனி, சித்திரை யாத்திரைகளில் தார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 1947-இல் ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் அளந்தபடி, 44 டிகிரி தோலைச் சுட ஆறு மணி நேரம் ஆகிறது. 60 டிகிரிக்குச் சில வினாடி போதும். உள்ளங்காலின் தடித்த தோல் கூடுதலாகச் சற்றுத் தாங்கும், அவ்வளவே. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடைக்காரர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் வரிசையாக நடப்பதைப் பார்க்கலாம். வெள்ளை வெயிலைத் திருப்பியனுப்புவதால் அந்தக் குறுகிய கோட்டில் கொஞ்சம் சூடு குறைவு. கோயில் பிராகாரத்தில் தென்னை நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் போடுவது அதே கணக்கில்தான்.

இந்தச் சூடு தெரியாதவர்களும் அந்த வரிசையில் நடக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4. அவர்களில் பலருக்குப் பாத நரம்பு மெல்ல மங்கிக்கொண்டிருக்கும். தெரிந்துகொள்ளும் சோதனை எளிது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, எங்கே தொட்டார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் பிராண்ட் வேலூரில் பார்த்த நோயாளிகளின் நிலைக்கு வந்துவிட்டார். காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் ஊன்றுவார், தார் சுடுவது தெரியாது, கொப்புளம் உடைந்தது சாக்ஸின் ஈரத்தில்தான் தெரியவரும். பழனிக்கு நடந்துபோன கால் ஆறு வாரம் கழித்து விரல் எடுப்பதில் முடிவது இப்படித்தான்.

அவர்களை நடக்கவே கூடாது என்று சொன்னால் கேட்கமாட்டார்கள், வேண்டுதல் வேண்டுதல்தான். நடக்கிறவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்ப்பது. குனிய முடியாவிட்டால் ஒரு சின்னக் கண்ணாடி, அல்லது கூட வரும் மகனோ மருமகளோ. புறங்கையால் தடவி, எந்த இடம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதென்று பார்ப்பது. சொந்தக் கால் சொல்லாத தகவலைக் கை சொல்லும். ஓய்வு நேரத்தில் வெந்நீரில் கால் வைக்கும் ஆசையை விட்டுவிடுவது, ஏனென்றால் வெந்நீர் எவ்வளவு வெந்நீர் என்று அந்தக் காலுக்குத் தெரியாது. பிறகு எம்.சி.ஆர். செருப்பு. நுண்துளை ரப்பரால் ஆன இந்த மெத்தென்ற செருப்பு வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் கால் புண்ணைத் தடுக்கப் புழக்கத்துக்கு வந்தது. இன்று ஊருக்கு ஊர் சர்க்கரை மருத்துவமனை வாசலில் தொங்குவது அதே சாதிச் செருப்புதான். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் முருகன் கோபித்துக்கொள்வானா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்களைவிடக் குருசாமிகள்தான். அவர்கள் சொன்னால்தான் எடுபடும்.

கடைசியாகப் பழனி மலை. ஒரு வாரம் சமதளத்தில் நடந்த கால் 693 படி ஏறுகிறது. ஏறுவது மூச்சுக்கு வேலை, அதைச் சமாளித்துவிடுவார்கள். முழங்காலுக்குக் கஷ்டம் இறங்கும்போது. தொடையின் முன்தசை சுருங்க வேண்டிய நேரத்தில் நீண்டபடியே உடலைத் தாங்கிப் பிடித்துக் கீழே விட வேண்டும். மறுநாள் உட்கார்ந்து எழ முடியாத வலி அதனால்தான். ஆஸ்திரியாவில் ஷ்வாமெடர் குழு 25 டிகிரிச் சரிவில் ஆட்களை இறங்கவிட்டு அளந்தது. இரண்டு கையிலும் தடி ஊன்றி இறங்கியபோது முழங்கால் சுமை 12 முதல் 25 விழுக்காடு வரை குறைந்தது. படிக்கட்டில், அதுவும் கூட்டத்தில், தடி ஊன்ற இடமில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கலாம். பழனியில் படிகளுக்குப் பக்கத்திலேயே மெதுவான சரிவில் யானைப்பாதையும் இருக்கிறது. முழங்கால் பக்கமிருந்து யோசித்தால் படியில் ஏறி யானைப்பாதையில் இறங்க வேண்டும். கூட்ட நாட்களில் நெரிசலைச் சமாளிக்கப் பெரும்பாலும் யானைப்பாதையில் ஏற்றிப் படி வழியாகத்தான் இறக்கிவிடுகிறார்கள்.